ஒலிக்கவிதையிலிருந்து இசைக்கு வந்தது என்ன? செய்முறைக் கேள்விகளும் சேர்த்து

பதிவு 1 | செவிவழி

ஒலிக்கவிதை என்பது சொல்லின் பொருளை விடக் குரலின் ஒலியையே முதன்மையாகக் கொண்ட கவிதை. அதன் வரலாற்றை எங்கே படித்தாலும் ஒரே கோடுதான் போட்டிருக்கிறார்கள்: 1916-இல் சூரிக்கில் ஹ்யூகோ பால், அடுத்து கர்ட் ஷ்விட்டர்ஸ், போருக்குப் பிறகு ஒலிநாடா, அங்கிருந்து அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், கடைசியில் பதிவுத் துண்டுகளை வெட்டி ஒட்டும் இன்றைய சாம்பிள் இசை. யார் கையிலிருந்து யார் கைக்கு எது போனது என்று கேட்டால் அந்தக் கோடு பல இடங்களில் அறுந்துபோகிறது. அதனால் இரண்டு கேள்விகள்.

ஒன்று: ஒலிக்கவிதை இசையைத் தொட்டது என்று கைகாட்டிச் சொல்லக்கூடிய இடங்கள் எவை?

இரண்டு: ஒரே ஒரு பேச்சுக் குரலை வைத்து ஆறு நிமிட ஆக்கம் ஒன்று செய்ய வேண்டும். கணினி, ஒரு மைக், சாதாரண எடிட்டிங் மென்பொருள் இருக்கிறது. பாட்டுப் பயிற்சி கிடையாது. எங்கே தொடங்கலாம், எங்கே கெட்டுப்போகும்? "தோன்றியதைச் செய்யுங்கள்" என்ற பதில் வேண்டாம், அளவுகளோடு சொல்லுங்கள்.

பதிவு 2 | இசைக்குறிப்பு

முதல் கேள்விக்கு மட்டும். நேரடிச் சான்றுகள் உண்டு, ஆனால் கொஞ்சம்தான்.

ராக் இசையில் மறுக்கவே முடியாதது டாக்கிங் ஹெட்ஸின் 'ஐ ஸிம்ப்ரா' (1979). அதன் வரிகள் ஹ்யூகோ பாலின் பொருளற்ற கவிதையிலிருந்து எடுத்தவை, பாலின் பெயரும் ஆக்கியோர் பட்டியலில் இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1977-இல், பிரையன் ஈனோ தன் 'கர்ட்ஸ் ரிஜாயிண்டர்' பாட்டில் ஷ்விட்டர்ஸின் பதிவுக் குரலையே வைத்தார்.

ஸ்டாக்ஹோமில் ஃபில்கிங்கன் என்ற புதுமை இசை அமைப்பைச் சுற்றி இருந்தவர்கள்தான் இரு துறைக்கும் நடுவில் உண்மையான பாலம் கட்டியவர்கள். லார்ஸ்-குன்னர் பொடின், பெங்ட் எமில் ஜான்சன் இருவரும் 1967-இல் 'உரை-ஒலி ஆக்கம்' என்ற பெயரை வைத்தார்கள், அடுத்த ஆண்டே அதற்கான விழா தொடங்கியது. கவிஞரும் இசையமைப்பாளரும் ஒரே ஸ்டுடியோவில், ஒரே கருவியில் வேலை செய்தார்கள். அமெரிக்காவில் சார்லஸ் அமிர்கானியன் 1972-இல் செய்த 'ஜஸ்ட்' இதே வகை. நான்கைந்து சொற்கள், அடுக்கடுக்கான தடங்கள், தாளம் முழுவதும் சொல்லின் அசையிலிருந்தே வருகிறது.

பலரும் தாண்டிப் போகிற ஒன்று எர்ன்ஸ்ட் டோக்கின் 1930 பெர்லின் ஆக்கம். ஊர்ப்பெயர்களை நான்கு குரல்கள் ஃபியூக் முறையில், அதாவது ஒரு குரல் தொடங்கியதை மற்றவை அடுத்தடுத்து எடுத்துத் தொடர, பேசுகின்றன. இன்று பாடகர் குழுக்கள் அதை மேடையில் அப்படியே பேசிக் காட்டுகிறார்கள். டோக் நினைத்தது வேறு: குழு பேசியதை இசைத்தட்டில் பதிந்து, வேகத்தைக் கூட்டி ஓடவிடுவது. வேகம் கூடினால் சுருதியும் ஏறும், பேச்சு மனிதக் குரலை விட்டு விலகிவிடும். நாடா வருவதற்கு முன்பே, பதிவுக் கருவியை இசைக்கருவியாக நினைத்த வேலை அது. அதனால் மேடையில் கேட்பது பாதி ஆக்கம்தான் என்பது என் கருத்து.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. ஷ்விட்டர்ஸின் 'ஊர்சொனாட்டே' (1922 முதல் 1932 வரை எழுதியது) ராண்டோ, லார்கோ, ஸ்கெர்ட்ஸோ, பிரெஸ்டோ என்று, பல பகுதிகள் கொண்ட மேற்கத்திய இசை வடிவமான சொனாட்டாவின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. அதன் தொடக்க ஒலிகள் ரௌல் ஹௌஸ்மனின் 1918 சுவரொட்டிக் கவிதையிலிருந்து வந்தவை. சுவரொட்டியில் அது ஒரு வரி. அதை எடுத்து, திரும்பவந்து வளரும் இசைக் கருவாக மாற்றியதுதான் ஷ்விட்டர்ஸின் பங்கு.

பதிவு 3 | நாடாச்சுருள்

இசைக்குறிப்பு கொடுத்த பட்டியலில் ரைக் இல்லை. சரியான முடிவு. 'இட்ஸ் கான்னா ரெயின்' (1965), 'கம் அவுட்' (1966) இரண்டும் ஒலிக்கவிதையின் பிள்ளைகள் இல்லை. முதலாவதில், தெருப் பிரசங்கியின் குரலை லூப்பாக்கி (விடாமல் திரும்ப ஓடும் துண்டாக்கி) இரண்டு கருவிகளில் ஓடவிட்டபோது அவை தாமாக விலகின, அந்த விலகலை ரைக் பிடித்துக்கொண்டார். இதே ஆண்டுகளில் பாரிஸில் ஆன்ரி ஷோபினும் பெர்னார் ஐட்ஸியக்கும் நாடாவை வைத்துக் கவிதை செய்துகொண்டிருந்தார்கள். ரைக்கும் இவர்களும் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்கவில்லை. இரு தரப்புக்கும் வாத்தியார் ஒரே கருவி. டேப் ரிக்கார்டர் பேச்சை வெட்டவும், திரும்பச் சொல்ல வைக்கவும், அடுக்கவும் விட்டது. கவிஞர் கையிலும் இசைஞர் கையிலும் அது ஒரே வேலையைத்தான் செய்தது.

ஷோபினின் உத்தியைச் சரியாகச் சொல்கிறேன், பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கருவியில் நாடா முதலில் அழிக்கும் தலையைக் கடக்கும், பிறகு பதியும் தலை, பிறகு வாசிக்கும் தலை. அழிக்கும் தலைக்கும் நாடாவுக்கும் நடுவில் தீக்குச்சியைச் செருகினால் பழைய ஒலி அழியாது, புதியது அதன் மேலேயே பதியும். ஆனால் பதியும் தலையில் ஓடுகிற உயர் அதிர்வெண் மின்னோட்டமே பழையதை ஓரளவு அழிக்கும், அதிலும் கீச்சொலிகள்தான் முதலில் போகும். எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் கீழ் அடுக்குகள் மங்கி, தூரம் போய், மூச்சும் முனகலுமாக மாறும். ஷோபின் பதிவுகளில் கேட்கிற ஆழம் முழுவதும் எதிரொலிக் கருவியின் வேலை இல்லை.

கணினியில் இதைச் செய்ய: எட்டு அடுக்கு என்றால், ஒவ்வொரு புதிய அடுக்கு ஏறும்போதும் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் 3 டெசிபல் இறக்கி, கீச்சு வடிகட்டியை (வைத்த அளவுக்கு மேலுள்ள அதிர்வெண்களை வெட்டுவது) ஒரு படி கீழே கொண்டுவாருங்கள். 12,000 ஹெர்ட்ஸில் தொடங்கி 9,000, 7,000, 5,000 என்று. எல்லா அடுக்கையும் ஒரே தெளிவில் அடுக்கினால் கூட்ட இரைச்சல்தான் மிஞ்சும். ஆரம்பிப்பவர்களிடம் அதிகம் கேட்கிற குறை இதுதான்.

நாடாவை ஒட்டும் கோணமும் இசை முடிவுதான். கால் அங்குல நாடா 6.25 மில்லிமீட்டர் அகலம். 45 பாகையில் வெட்டி ஒட்டினால், விநாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில், ஒரு ஒலியிலிருந்து மற்றதுக்கு மாறச் சுமார் 33 மில்லி விநாடி ஆகும். 38 சென்டிமீட்டர் வேகத்தில் 16. நேராக 90 பாகையில் வெட்டினால் மாற்றம் உடனடியாக நடக்கும், க்ளிக் வரும் ஆபத்தும் அதிகம். அந்தக் காலத்துப் பதிவுகளின் மென்மையான இணைப்பு வேண்டுமானால் மென்பொருளில் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது எழும் இணைப்பு) 15 முதல் 35 மில்லி விநாடி வையுங்கள்.

பதிவு 4 | மூன்றாம்தடம்

ரெண்டாவது கேள்விக்கு வரேன். ரைக் மாதிரி விலகல் செய்யணும்னா கணக்கு ரொம்ப எளிது.

ஒரு விநாடி நீளமுள்ள லூப் ஒண்ணு. அதையே நகலெடுத்து 1.002 விநாடி ஆக்குங்க. நீட்டக்கூடாது, கடைசியில 2 மில்லி விநாடி மௌனம் சேர்த்தா போதும். விநாடிக்கு 48,000 சாம்பிள் (கணினி ஒலியை அளந்து வைக்கற புள்ளி) வேகத்துல அது சரியா 96 சாம்பிள். ரெண்டையும் ஒண்ணா ஓடவிட்டா ஒவ்வொரு சுற்றுக்கும் 2 மில்லி விநாடி விலகும். பாதி விலகல் சுமார் 4 நிமிடம் 10 விநாடியில வரும். மறுபடி ஒண்ணு சேர சுமார் 8 நிமிடம் 20 விநாடி. உங்களுக்கு ஆறு நிமிடம்தான் வேணும், அப்ப 3 மில்லி விநாடி எடுத்துக்கோங்க. 144 சாம்பிள். முழுச் சுற்று சுமார் 5 நிமிடம் 34 விநாடியில முடியும். மீதி 26 விநாடி தொடக்கத்துலயும் முடிவுலயும் தனிக்குரலுக்கு.

கெட்டுப்போற இடங்கள்:

மென்பொருள் தாளத்துக்கு இழுத்துக்கட்டும். பெரும்பாலான மென்பொருள்ல லூப்பை உள்ளே போட்டதுமே அது வேகத்தை ஊகிச்சு நீட்டிச் சுருக்கி கட்டத்துக்குள்ள உட்கார வைக்கும். அது இயங்கிட்டிருந்தா ரெண்டு லூப்பும் விலகவே விலகாது. முதல்ல அதை அணைங்க, கட்டத்தோட ஒட்டுற வசதியையும் அணைங்க.

ரெண்டு தடத்தையும் நடுவுல வைக்கறதா, இடது வலதா பிரிக்கறதா? ரெண்டும் வேற வேற ஆக்கம். நடுவுல வெச்சா முதல் சில விநாடி குழாய்க்குள்ள இருந்து பேசற மாதிரி ஒலியோட நிறம் மாறும். பிரிச்சு ஹெட்ஃபோன்ல கேட்டா நிறம் மாறாது, குரல் ஒரு பக்கமா நகரும். ஒலிப்பெருக்கியில ரெண்டும் கலந்து வரும். எதுல கேட்பாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

லூப் நீளம் ரெண்டு விநாடிக்கு மேல போனா கேட்பவர் அதை வாக்கியமா கேட்பார். அரை விநாடிக்குக் கீழ போனா இயந்திரச் சத்தம். 0.8 முதல் 1.5 வரைக்கும் நல்லா வேலை செய்யும்.

பதிவு 5 | செவிவழி

அந்தக் குழாய்க்குள் பேசுவது போன்ற நிறம் எதனால் வருகிறது, எப்போது மறைகிறது? ஆக்கத்தின் நுழைவாயிலே அதுவாக இருப்பதால் அதைக் கட்டுப்படுத்த வழி வேண்டும்.

இன்னொன்று, எந்தப் பேச்சுத் துண்டை எடுப்பது? எல்லா வாக்கியமும் லூப்பில் பாட்டாக மாறுவதில்லை.

பதிவு 6 | மூன்றாம்தடம்

ஒரே ஒலி ரெண்டு தடவை, சின்ன இடைவெளியில கலந்தா சில அதிர்வெண்கள் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். 2 மில்லி விநாடி விலகல்ல 250, 750, 1250 ஹெர்ட்ஸ்னு 500 இடைவெளியில பள்ளம் விழும். 10 மில்லி விநாடி ஆனதும் பள்ளங்கள் 100 ஹெர்ட்ஸ் இடைவெளிக்கு நெருங்கிடும், காதுக்குத் தனித்தனியா தெரியாது. அதுக்கப்புறம் 20, 30-ல குரல் தடிக்கும், ரெண்டு பேர் ஒண்ணாப் பேசற மாதிரி. 50-ஐத் தாண்டினா எதிரொலி. 150-க்கு மேல ரெண்டு தனிக் குரல்.

முதல் கட்டம் நீளமா வேணும்னா ஆரம்பத்துல விலகலைக் குறைங்க. முதல் 40 சுற்றுக்கு அரை மில்லி விநாடி (24 சாம்பிள்), பிறகு 3-க்கு மாத்துங்க. படிப்படியா மாத்த வேண்டாம், ஒரே இடத்துல மாத்தலாம், யாருக்கும் தெரியாது. முழுச் சுற்றும் அரை நிமிடம் கூடும், அதைக் கணக்குல வெச்சுக்கோங்க.

ரெண்டு தடத்துல ஒண்ணை 6 டெசிபல் இறக்கினா பள்ளத்தோட ஆழம் நல்லா குறையும். அந்த நிறம் பிடிக்காதவங்களுக்கு இதுதான் வழி.

பதிவு 7 | ஒற்றெழுத்து

எந்தத் துண்டு பாட்டாகும் என்ற கேள்விக்கு ஆய்வு இருக்கிறது. டயானா டாய்ச் என்ற உளவியல் அறிஞர் 1995-இல் கவனித்தது: பேச்சுத் துண்டொன்றை அப்படியே திரும்பத் திரும்ப ஓட்டினால், எந்த மாற்றமும் செய்யாமலே, கேட்பவருக்கு அது பாட்டாகிவிடுகிறது. அப்படியே என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு முறையும் சுருதியைக் கொஞ்சம் மாற்றினாலோ அசைகளின் வரிசையைக் குலைத்தாலோ அந்த மயக்கம் வருவதில்லை. எனவே தொடக்கத்திலேயே சுருதி திருத்தும் பிளக்இன் போடாதீர்கள், அது கெடுக்கும். பத்துப் பதினைந்து முறை சுத்தமாகத் திரும்பிய பிறகு மாற்றங்களைத் தொடங்குங்கள்.

தமிழில் தேர்ந்தெடுக்க நம் இலக்கணமே உதவும். வல்லினம் தாளம் தரும், மெல்லினம் நீட்டினால் சுருதி தரும், இடையினம் நிறத்தை வழுக்கிக்கொண்டு போகும். ழகரத்தையும் யகரத்தையும் நீட்டிப் பார்த்தால் மேல்சுரங்கள் நகர்வது கேட்கும். மூன்று இனமும் கலந்த துண்டு நீண்ட நேரம் தாங்கும். வல்லினம் மட்டும் நிறைந்த துண்டு சீக்கிரமே தாளவாத்தியமாகி அலுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 'பக்கம்', 'பட்டம்', 'தத்து' போன்ற சொற்களில் ஒற்று என்பது ஒலியே இல்லை. வாய் மூடியிருக்கும் மௌனம் அது. மௌனத்தை வெட்டும் வசதியைப் போட்டால் அந்த மௌனத்தையும் இடைவெளி என்று எண்ணிக் கத்தரித்துவிடும். 'பக்கம்' 'பகம்' ஆகும். பின்னணி இரைச்சலை நீக்கப் போடும் நாய்ஸ் கேட்டும் (ஒலி தாழ்ந்தால் தானாக மூடும் வசதி) இரைச்சல் குறைக்கும் பிளக்இன்களும் அந்த இடத்தில் வல்லினத்தின் வெடிப்பை மழுக்கும். அமைதியான அறையில் பதிந்து இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. கேட் போட்டே ஆக வேண்டுமென்றால் மூடும் நேரத்தை 250 மில்லி விநாடிக்கு மேல் வையுங்கள்.

ஸ்கோர், அதாவது ஆக்கத்தை நிகழ்த்துபவர் பார்த்துப் படிக்கும் ஏடு, எழுதுவது பற்றி. ஷ்விட்டர்ஸ் தன் ஆக்கத்துக்கு எழுத்தையே குறியீடாக வைத்து, உயிரெழுத்து ஒற்றையாக வந்தால் குறுக்கம், இரட்டையாக வந்தால் நீட்டம் என்று விதி கொடுத்தார். நமக்கு அந்த விதி பிறப்பிலேயே இருக்கிறது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை, அளபெடை எழுதி மூன்று, நான்கு என்று நீட்டலாம். ஒரு மாத்திரையை 125 மில்லி விநாடி என்று வைத்தால் விநாடிக்கு எட்டு. இசைக்காரரும் அதை உடனே படிப்பார்.

தமிழ் எழுத்தில் சிக்கல் ஒன்றுண்டு. பேச்சில் க, ச, ட, த, ப இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். 'கககக' என்று எழுதிக் கொடுத்தால் ஒருவர் எல்லாவற்றையும் வல்லொலியாகச் சொல்வார், இன்னொருவர் முதலாவதை மட்டும் வன்மையாகச் சொல்லி மற்றதை மெலிப்பார். பொருளுள்ள சொல்லில் இது தானாகச் சரியாகும், பொருளற்ற ஒலிவரிசையில் ஆகாது. கீர்த்தனைப் புத்தகங்களில் வரும் மேலெண் முறை (க, க², க³, க⁴) இதற்குப் போதும். ஸ்கோரின் முதல் பக்கத்தில் அந்த அட்டவணையை வையுங்கள். கிசுகிசுப்புக்கும் மூச்சை உள்ளிழுத்துப் பேசுவதற்கும் தனிக்குறி வேண்டும். வரிக்குக் கீழே புள்ளிக்கோடு, மேலே அம்பு என்று எதையாவது நிலையாக வைத்துக்கொள்ளலாம்.

பதிவு 8 | இசைக்குறிப்பு

நாடாச்சுருள் சொன்ன 'ஒரே கருவி' வாதத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் அது முழுமையில்லை. ஒலியியல் ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் பான் நகரில் வெர்னர் மேயர்-எப்ளரிடம் ஒலியியல் படித்தவர். 1955-56-இல் கொலோன் வானொலி ஸ்டுடியோவில் செய்த 'கெஸாங் டெர் யூங்லிங்கெ'யில் ஒரு சிறுவனின் பாடும் குரலும் மின்னொலியும் கலக்கின்றன. உயிரெழுத்துக்கு நெருக்கமாகத் தூய சுரக் கூட்டங்கள், மெய்க்கு நெருக்கமாக வடிகட்டிய இரைச்சல். சொல் முழுதும் புரிவதிலிருந்து கொஞ்சமும் புரியாதது வரை அவர் படிகள் வைத்தார். அந்தப் படிவரிசை எண்ணம் நாடாவிலிருந்து வரவில்லை.

இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ 1958-இல் மிலான் வானொலி ஸ்டுடியோவில் செய்த 'தேமா' இன்னும் தெளிவான உதாரணம். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலில் ஒலிக்காகவே எழுதப்பட்ட அத்தியாயத்தை கேத்தி பெர்பேரியன் வாசிக்க, அந்தப் பதிவை வெட்டி, அடுக்கி, வடிகட்டி ஆக்கம் செய்தார். மூலமாக அந்த வாசிப்பைத் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை. சகர ஒலிகளை மட்டும் பொறுக்கி ஒன்றாகக் குவிப்பது போன்ற வேலைகள் அதில் நடக்கின்றன. செவிவழி, உங்கள் ஆறு நிமிடத்துக்கு விலகல் முறையை விட இது பொருத்தம் என்று நினைக்கிறேன். விலகலில் ஒரு முடிவு எடுத்துவிட்டால் மிச்சத்தைக் கணக்கு நடத்திவிடும். இங்கே ஒவ்வொரு எழுத்தையும் நீங்கள் கேட்டாக வேண்டும்.

செய்வதானால்: ஒரு நிமிட வாசிப்பை எடுத்து மூன்று கோப்புகளாகப் பிரியுங்கள். ஒன்றில் உயிரொலிகளின் நடுப்பகுதி மட்டும், தலா 80 மில்லி விநாடிக்குக் குறையாமல். இரண்டாவதில் ச, ஸ, ஷ, ஃப் போன்ற உரசொலிகள். மூன்றாவதில் வெடிப்புகள், ஒவ்வொன்றும் முன்னே 5, பின்னே 40 மில்லி விநாடி விட்டு. உயிரொலிகளை வரிசைப்படுத்தும்போது சுருதியைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். வயதுவந்த ஆண் குரலில் 'ஈ'க்கு இரண்டாவது ஒத்ததிர்வு (வாய்க்குழி ஓங்க வைக்கும் அதிர்வெண்களில் இரண்டாவது) 2,200 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், 'ஊ'வுக்கு 800 அளவில். ஈ, ஏ, ஆ, ஓ, ஊ என்று அடுக்கினால் குரல் இருந்த இடத்திலேயே நின்று மேல்நிறம் மட்டும் இறங்கிவரும்.

பதிவு 9 | குரல்வளை

பதிவு நன்றாக இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. அதனால் மைக் பற்றி.

'ப', 'த' வெடிப்புகளின் காற்று நேராக மைக்கில் அடித்தால் 'தொப்' என்று ஒரு கனமான அடி விழும். வடிகட்டியால் அதை முழுக்க எடுக்க முடியாது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயோரத்தில், 45 பாகை சாய்த்து, 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஒரு திசை மைக்கை 10 சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால் கீழொலி வீங்கும். கிசுகிசுப்புக்கு அந்த வீக்கம் அழகு, கத்தலுக்குச் சேறு.

கிசுகிசுப்பிலிருந்து கத்தல் வரை ஒரே அளவில் பதியக்கூடாது. தனித்தனி எடுப்பாகப் பதியுங்கள். கத்தலின் உச்சம் உச்சவரம்புக்கு 10 டெசிபல் கீழே நிற்கட்டும், 24 பிட் பதிவில் அதனால் எந்த நஷ்டமும் இல்லை. ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி கருவியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மூச்சொலியை வார்த்தை அளவுக்குத் தூக்கும்.

ஷோபின் மைக்கை வாய்க்குள்ளேயே கொண்டுபோனவர். அதைச் செய்ய நினைப்பவர்கள் சட்டையில் குத்தும் சின்ன மைக் பயன்படுத்துங்கள். நாலாபக்கமும் கேட்கும் வகையாக இருந்தால் கீழொலி வீங்காது. மெல்லிய ரப்பர் உறை கட்டாயம், எச்சில் ஈரம் புகுந்தால் பொரியும் சத்தம் வந்து பிறகு மைக்கே போய்விடும். விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கை இதற்கு எடுக்க வேண்டாம். கம்பியைப் பல்லால் கடிக்கவும் வேண்டாம், அசைவுச் சத்தம் குரலை விடப் பெரிதாக வரும்.

மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே ஒலியெழுப்பினால் சுருதி ஏறி, குரல் பிளந்து கேட்கும். ஒலிக்கவிதையில் நிறைய வரும் உத்தி. குரல்நாண் சீக்கிரம் உலர்ந்துவிடும், ஒரு நிமிடம் செய்தால் இரண்டு நிமிடம் விட்டுத் தண்ணீர் குடியுங்கள். கத்தலும் கரகரப்பும் சேர்த்து ஒரு நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தொண்டையில் வலி தெரிந்தால் அன்றைய வேலை முடிந்தது. கரகரப்பைத் தொண்டையை இறுக்கிச் செய்யாதீர்கள். சுருதியை மிகத் தாழ்த்தி, மூச்சை மிகக் குறைத்தால் தானாகவே 'கறகற' என்று வரும்.

வரிசை: முதலில் கிசுகிசுப்பு, அடுத்து இயல்புக் குரல், கடைசியில் கத்தல். தலைகீழாகச் செய்தால் கத்திய பிறகு வரும் இயல்புக் குரல் வேறு ஆளுடையது போல இருக்கும், வெட்டி ஒட்டும்போது காட்டிக்கொடுக்கும்.

பதிவு 10 | நாடாச்சுருள்

ஒலியியல் ஆய்வுக்கூடம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். கருவியை விட முறையையே முதன்மையாக வைத்து இயங்கிய ஒருவரையும் சேர்க்க வேண்டும்: பிரையன் கைசின். 1960-இல் பிபிசிக்காகச் செய்த 'ஐ ஆம் தட் ஐ ஆம்' ஐந்து சொற்களின் வரிசைமாற்றம். ஐந்து இடங்களுக்கு 120 வரிசைகள். இரண்டு சொற்கள் இரண்டிரண்டு முறை வருவதால் காதுக்கு வேறுபட்டவை 30 மட்டுமே. இதே முறையில் முயல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க மறக்கிறார்கள். சொற்கள் எல்லாம் வேறு வேறாக இருந்தால் மூன்றுக்கு 6, நான்குக்கு 24, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720. ஆறு சொல்லை வரிக்கு இரண்டு விநாடி வைத்துச் சொன்னாலும் 24 நிமிடம் ஆகும். ஆறு நிமிடத்துக்கு ஐந்து சொல், வரிக்கு மூன்று விநாடி. கச்சிதமாக 360 விநாடி.

ஆல்வின் லூசியர் 1969-இல் செய்த அறை ஆக்கத்தையும் சொல்ல வேண்டும், அது பேச்சிலிருந்து இசைக்கு அறையே நடத்திச்செல்லும் வழி. பேசியதைப் பதிந்து, அதே அறையில் ஒலிப்பெருக்கியில் ஓட்டி, மறுபடி பதிந்து, அதையும் ஓட்டிப் பதிந்து என்று போகும். அறைக்கு ஒத்துவரும் அதிர்வெண்கள் தலைமுறைக்குத் தலைமுறை ஓங்கி, மற்றவை அழிந்து, கடைசியில் பேச்சின் தாளமும் அறையின் சுரங்களும் மிஞ்சும். ஐந்து மீட்டர் சுவர் இடைவெளிக்கு 34 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், மூன்று மீட்டருக்கு 57-உம் மடங்குகளும். பேச்சு எட்டாத கீழ்ப்பகுதி ஒலிக்காது, மடங்குகள்தான் பாடும்.

வெறும் சுவரும் வெறும் தரையும் உள்ள அறை வேண்டும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறையில் கீச்சொலி முதலில் செத்து, ஐந்தாறு தலைமுறையில் மந்தமான ஹூங்காரம்தான் மிஞ்சும். மைக்கை ஒலிப்பெருக்கியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் அறையைக் கேட்காமல் பெட்டியைத்தான் கேட்கும். இரண்டையும் வேலை முடியும்வரை நகர்த்தக்கூடாது, தரையில் ஒட்டுநாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைமுறையின் உச்சத்தையும் வரம்புக்கு 6 டெசிபல் கீழே கொண்டுவந்து அடுத்ததைத் தொடங்குங்கள். மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓடக்கூடாது, அந்த இரைச்சலும் தலைமுறைக்குத் தலைமுறை வளரும்.

பதிவு 11 | செவிவழி

பெரியோ முறை நல்ல யோசனை, அதை அடுத்ததற்கு வைத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு விலகல்தான். துண்டு: "பக்கத்துலதான் இருக்கு". ஒரு விநாடிக்குச் சுருக்கமாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. 3 மில்லி விநாடி விலகல், இரண்டு தடமும் பாதி பாதி இடது வலது. ஷோபின் மாதிரி மங்கும் அடுக்கு ஒன்றைப் பின்னணியில் சேர்க்கலாமா?

பதிவு 12 | ஒற்றெழுத்து

துண்டு நல்ல தேர்வு. இலக்கணப்படி எண்ணிப் பாருங்கள்: ப 1, க் அரை, க 1, த் அரை, து 1, ல 1, தா 2, ன் அரை, இ 1, ரு 1, க் அரை, கடைசி 'கு' குற்றியலுகரம் என்பதால் அரை. மொத்தம் பத்தரை மாத்திரை. ஒரு விநாடிக்குள் சொன்னால் மாத்திரைக்கு 95 மில்லி விநாடி, இயல்பான பேச்சு வேகம்தான்.

லூப்பின் மூட்டும் தானாகவே மறையும். முடிவில் உகரம் குறுகித் தேய்கிறது, தொடக்கத்தில் பகரத்துக்கு முன் உதடு மூடிய மௌனம். அந்த மௌனத்துக்குள் வெட்டினால் க்ளிக்குக்கு வழியில்லை. 'ப' வெடிப்புக்கு 10 மில்லி விநாடி முன்னால் வெட்டுங்கள், தொடக்கத்தில் ஃபேட் போடாதீர்கள், முடிவில் 15 மில்லி விநாடி போதும்.

பதிவு 13 | மூன்றாம்தடம்

மங்கும் அடுக்கு விலகல் நடக்கும்போது வேண்டாம். மூணாவது குரல் உள்ள வந்தா ரெண்டுக்கும் நடுவுல நடக்கறது மறைஞ்சிடும். முடிவுல வர்ற தனிக்குரலுக்கு அடியில நாடாச்சுருள் சொன்ன மாதிரி நாலு அடுக்கு வெச்சுப் பாருங்க.

ஒற்றெழுத்து போட்ட கணக்கை வெச்சு இன்னொண்ணு. உங்க துண்டுல முதல் மூணு மாத்திரைக்குள்ள 'க்', 'த்'னு ரெண்டு மௌனம் இருக்கு. ரெண்டாவது தடம் ஆறரை மாத்திரை பின்தங்கும்போது அதோட 'தா' நெடில் சரியா அந்த மௌனங்கள் மேல விழும். அதாவது சுமார் 620 மில்லி விநாடி, சுற்றுக்கு 3-னு பார்த்தா 206-ஆவது சுற்று, விலகல் தொடங்கி ஏறக்குறைய 3 நிமிடம் 26 விநாடி. வாயில வர்ற ஒற்று ஏட்டுக் கணக்கை விட நீளமா இருக்கும், அதனால அலைவடிவத்துல அளந்து பத்துச் சுற்று முன்னபின்ன தேடுங்க. கிடைச்ச இடத்துல ரெண்டு தடத்தோட கடைசி மௌனத்தையும் ஒரே நீளமாக்கி விலகலை நிறுத்தி, இருபது சுற்று அப்படியே ஓடவிடுங்க, பிறகு மறுபடி விலக விடுங்க. முழு நீளமும் 20 விநாடி கூடும், அதை தனிக்குரலுக்கு வெச்ச 26 விநாடியில இருந்து கழிச்சுக்கோங்க.